இணையதள வடிவமைப்பு: பக்கத்தில் அமர்ந்து பார்க்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்லும் எங்கள் கரையில் வழங்கும் மீன் பெயர்கள், காற்றின் பெயர்கள், படகும் வலையும் சார்ந்த சொற்கள் ஆகியவற்றைப் பணியில் இருந்த காலம்தொட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதிவந்தேன். அவற்றைத் தொகுத்துக் கடந்த ஆண்டு சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கினேன். அதன் வடிவமைப்பைத் திருத்துவதற்காகப் பிறரிடம் கருத்துக் கேட்கப் போய் நான் கற்றுக்கொண்டவை, சொந்தத் தளம் நடத்தும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். அதையொட்டி நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு.

தளத்தை அமைத்துக் கொடுத்தவன் என் தங்கை மகன். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் நிற எழுத்து, நிறைய வெற்றிடம் என்று பார்ப்பதற்கு மிக நேர்த்தியாகவே செய்திருந்தான். நான் அதன் முகவரியை என் பழைய மாணவர்கள், உடன் பணியாற்றியவர்கள், உறவினர்கள் என ஏறத்தாழ நாற்பது பேருக்கு அனுப்பி, “எப்படி இருக்கிறது, குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்” என்று கேட்டேன். இரண்டு மாதங்களில் எனக்குக் கிடைத்த பதில்கள் அனைத்தும் “நல்லா இருக்கு சார்”, “அருமை ஐயா” என்ற வகையில்தான் இருந்தன. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. படிப்பித்த ஆசிரியரின் முகத்துக்கு நேரே குறை சொல்வதை மரியாதைக் குறைவாக எண்ணுவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். அந்த மரியாதை எனக்கு மகிழ்ச்சி தந்தது. என் தளத்துக்கு மட்டும் அதனால் எந்த நன்மையும் விளையவில்லை.

உண்மை தெரிந்தது ஒரு பகல் வேளையில், கடற்கரை மணலில். எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் கரையில் ஏற்றிவைத்திருந்த வத்தை என்னும் சிறு படகின் ஓரமாக அமர்ந்து நண்டு வலையில் அறுந்த கண்ணிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருடைய கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் திரையை முதலில் இடப்புறம் சாய்த்தார், பிறகு வலப்புறம் சாய்த்தார், உப்பு படிந்த உள்ளங்கையை மேலே குடைபோல் பிடித்துக்கொண்டு கண்ணருகே கொண்டுபோனார். “எழுத்தையே காணோமே வாத்தியாரே, வெறும் வெள்ளையால்ல இருக்கு” என்றார். என் வீட்டு முற்றத்து நிழலில் தெளிவாகத் தெரிந்த சாம்பல் நிற எழுத்து, உச்சி வெயிலில் மணலின் கண்கூச்சத்துக்கு நடுவே முற்றிலும் மறைந்துபோயிருந்தது.

அன்று மாலை மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டை அளந்து பார்த்தான். இணையத்துக்கான தர நெறிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 என்றும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்றும் வரையறுத்துள்ளன. வெள்ளையின் மேல் கறுப்புக்கு அது 21-க்கு 1. எங்கள் சாம்பல் எழுத்தோ 3-ஐக்கூட எட்டவில்லை. பார்வை குறைந்தவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட நெறி இது. ஆனால் வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் எந்தக் கடற்கரைக்காரரும் அந்த நேரத்தில் பார்வை குறைந்தவரின் நிலையில்தான் இருக்கிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

எழுத்தைக் கறுப்பாக்கிய பின்பு அதே மீனவரிடம் மீண்டும் சென்றேன். இம்முறை கருத்து எதுவும் கேட்கவில்லை. “மத்தி மீன் பற்றிய பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்துகொண்டேன். முகப்பில் இருந்த மீன் படத்தைப் பெருவிரலால் மூன்று முறை அழுத்தினார். அது வெறும் படம். அழுத்தினால் எங்கும் போகாது. மேல் மூலையில் மூன்று கோடுகளாகத் தெரிந்த குறிக்குள்தான் பட்டியல் முழுவதும் இருந்தது, அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு தேடல் கட்டத்தைக் கண்டுபிடித்து, தம் வாய்க்குப் பழகிய ‘பேச்சாளை’ என்ற பெயரை உள்ளிட்டார். ஒன்றும் வரவில்லை. பக்கத்தின் தலைப்பில் நான் ‘மத்தி’ என்று மட்டும் எழுதியிருந்தேன். கரையின் சொற்களைக் காப்பாற்றுவதற்கென்றே தொடங்கிய தளத்தில், கரையின் சொல்லைக் கொண்டு மீனைத் தேட முடியவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது. விடை தெரிந்திருந்தும் அந்த நான்கைந்து நிமிடங்கள் வாய் திறக்காமல் இருப்பது, முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்று பேசியே பழகிய எனக்கு எளிதாக இல்லை. ஆனால் நான் வாய் திறந்திருந்தால் மேற்சொன்ன எதுவும் தெரிய வந்திராது.

இன்னொன்றையும் அவரிடமிருந்தே கற்றேன். பெயர்களை நான் அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். அகராதி பார்த்துப் பழகியவனுக்கு வேறு வரிசை தோன்றாது. அவரோ, “இது வடகடல் மீனா, தென்கடல் மீனா, அதை மொதல்ல சொல்லுங்க” என்றார். வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கத் தென்கடல் அடங்கியிருக்கும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது தலைகீழாகும் என்பதால் எந்தக் கடல், எந்தப் பருவம் என்ற கணக்கில்தான் இங்கே தொழிலும் பேச்சும் நடக்கின்றன. இப்போது முகப்பில் வடகடல், தென்கடல் என்ற இரண்டு பெரிய பொத்தான்கள் இருக்கின்றன. மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் ‘பட்டியல்’ என்று எழுத்தாலேயே எழுதிவிட்டோம். மீன் படத்தைத் தொட்டால் அந்த மீனின் பக்கம் திறக்கும்.

இப்படிச் சோதிப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு, இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்துவந்த ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே விடை சொல்லியிருக்கிறார். 5 பேரைப் பயன்படுத்தச் செய்து கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பதும், 15 பேர் கிடைத்தால் அவர்களை ஒரே முறையில் செலவிடாமல், ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பின்பு தளத்தைத் திருத்திக்கொண்டே போவது நல்லது என்பதும் அவர் கருத்து. நாற்பது பேரின் பாராட்டு தராததை எனக்கு ஐந்து பேரின் தடுமாற்றம் தந்தது. மீனவரைத் தவிர, பாசி எடுக்கும் தொழில் செய்யும் ஒரு பெண்மணி, கல்லூரி மாணவி ஒருவர், கீழக்கரையில் கடை வைத்திருக்கும் என் நண்பர், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் ஆகியோர் முதல் சுற்றில் உதவினார்கள்.

அந்தப் பார்வையற்ற ஆசிரியர் திரையை வாசித்துக்காட்டும் செயலியின் துணையோடு தளத்தைத் திறந்தபோது, படங்கள் வரும் இடத்தில் எல்லாம் அது கேமரா இட்ட கோப்பின் பெயரையும் எண்ணையும் மட்டும் ஒப்பித்தது. ஒவ்வொரு படத்துக்கும் அதில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை எழுத வேண்டும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது “கரையேற்றிய வத்தையின் முன்பக்கம்” என்பதுபோல ஒரு வரி எல்லாப் படங்களுக்கும் எழுதியிருக்கிறேன். மாணவி, ஒவ்வொரு படமும் 4, 5 மெகாபைட் இருப்பதால் தனுஷ்கோடிச் சாலையில் சிக்னல் மெலிந்த இடத்தில் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது என்றார். படங்களின் அகலத்தைக் குறைத்துச் சுருக்கியதும் அது தீர்ந்தது.

தமிழ் எழுத்துக்கே உரிய இரண்டு செய்திகளையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கென்று வகுத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால், மேல்வரியில் கீழே இறங்கும் ‘மூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளும் கீழ்வரியில் மேலே ஏறும் புள்ளியும் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல் வளைவும் ஒன்றையொன்று முட்டுகின்றன. எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விட்ட பின்புதான் கடைக்கார நண்பர் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதை நிறுத்தினார். அடுத்தது, நான் பல ஆண்டுகளுக்கு முன்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகள் சில பக்கங்களில் புரியாத குறிகளாகத் தெரிந்தன. 2010-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகும் என்னைப் போன்றோரின் கணினிகளில் பழைய எழுத்துருக் கோப்புகள் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் தளத்தில் ஏற்றக் கூடாது.

கேட்ட எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. தளம் திறந்ததும் அலையோசை கேட்க வேண்டும், தலைப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அன்போடு சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்லி விட்டுவிட்டேன், ஏனெனில் பயன்படுத்திப் பார்த்த ஐவரில் ஒருவர்கூட அவை இல்லாததால் தடுமாறவில்லை. ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைவிட அவர் விரல் எங்கே போய் நிற்கிறது என்பதையே நான் குறித்துக்கொள்கிறேன்.

இனி வேண்டுகோள். இராமநாதபுரம், இராமேசுவரம், கீழக்கரை, தொண்டி ஆகிய ஊர்களின் நூலகங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இரண்டு மணி நேரம் இதற்காக ஒதுக்கித் தர வேண்டும். சொந்தத் தளம் வைத்திருப்பவர் அதைக் கொண்டுவரட்டும்; வருகின்ற வாசகர்கள் ஐந்து பேர் தங்கள் கைப்பேசியிலேயே அதைப் பயன்படுத்தட்டும்; தளத்தை நடத்துபவர் பேசாமல் குறிப்பெடுக்கட்டும். ஒரு மேசை, ஐந்து நாற்காலி தவிர இதற்குச் செலவு எதுவும் இல்லை. கணினி பயிலும் கல்லூரி மாணவர்கள் வந்தால் அன்றே சில திருத்தங்களைச் செய்து தரவும் இயலும். பனையோலைப் பொருள்கள் செய்கிறவர்கள், கருவாடு விற்கிறவர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் எனத் தளம் வைத்திருப்போர் இக்கரையில் இப்போது பலர் இருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைப்பது பொருத்தமாக இருக்கும். விசைப்படகுத் தொழிலாளர்கள் அப்போது கரையில் இருப்பார்கள். அவர்களைப் போல ஒளிவுமறைவில்லாமல் குறை சொல்பவர்கள் வேறு இடத்தில் கிடைப்பது அரிது. நூலகர்கள் இசைந்தால் இரண்டாம் சுற்றுச் சோதனைக்கு என் தளத்தை எடுத்துக்கொண்டு நான் முதல் ஆளாக வருகிறேன். காற்றுப் பெயர்களுக்கான பக்கத்தை இன்னும் எவரிடமும் காட்டவில்லை. வாடை, கொண்டல், கச்சான் ஆகியவற்றைத் திசைப்படம் ஒன்றில் குறித்திருக்கிறேன், அது கடலுக்குப் போகிறவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.