காவி எங்கே என்று கேட்டவள் எழுதுவது

அம்மாடி,

மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறார் அப்பா. சரி, இருக்கும். பார்சலில் கடலை மிட்டாய் ஒரு கிலோ வைத்திருக்கிறேன், மாப்பிள்ளைக்கும் கொடு.

மார்கழியில் நீ அனுப்பிய கோலத்தைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினேன். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை, அதை அந்த பெங்களூரு பிளாட் வாசலுக்குள் எப்படித்தான் அடக்கினாயோ! உனக்கு மட்டும் 'காவி போடலையா?' என்று எழுதினேன்.

நான் சொல்ல வந்தது வேறு. யாராவது நன்றாக இருக்கிறது என்றால் 'சந்தோஷம்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் குட்டியைப் பழக்கு. நீ வைத்த வத்தக்குழம்பை உன் மாமியார் மெச்சினபோது 'உப்பு கூடிப்போச்சு அத்தை' என்றாயே, பாவம், அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம், நாம் மெச்சினாலும் எது பிடித்தது என்று சொல்ல வேண்டும். 'நல்லாத்தான் இருக்கு' என்கிறோமே, அந்தத் 'தான்' வேண்டவே வேண்டாம். சந்தோஷம் என்று மட்டும் சொல்லச் சொல், போதும்.

அன்றைக்கு நீ போனில் பேசும்போது குட்டி ஏதோ வரைந்துகொண்டு வந்தாள். 'யானையா இது? தும்பிக்கை எங்கே?' என்றாய். விளையாட்டுக்குத்தான். குட்டி சத்தமே காணோம். எனக்குத்தான் போனை வைத்த பிறகும் காதிலேயே நின்றது. 'காவி போடலையா' என்கிற அதே ராகம்.

பிளஸ் டூவில் நீ 1200க்கு 1128 வாங்கி வந்தபோது, கணக்கில் ஏன் குறைந்தது என்றுதானே கேட்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாய். நீ தூங்கிய பிறகு உப்பு, மிளகாய், தெருமண் எடுத்து உன்னைச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை, அவ்வளவு கண். ஊர்க்கண் என்று அப்பாவிடம் சொன்னேன். பெற்றவள் கண்தான் முதலில் படும் என்று உன் பாட்டி சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான், வாய்விட்டு மெச்சினால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பயம் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. என்னை ஒருத்தரும் மெச்சினதில்லை, உனக்கு மட்டும் எதற்கு என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

யானையை போட்டோ எடுத்து அனுப்பு. உன் கோலத்தில் நடுத்தாமரையைச் சுற்றி ஓர் இழை கை எடுக்காமல் போய்த் திரும்புகிறதே, அதை நேற்று நம் வாசலில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

அம்மா