வார்டில் இருந்த அந்த சிஸ்டருக்கு நன்றி

அப்பா நெஞ்சுவலியோடு வார்டில் கிடந்தபோது பீடியை விடச் சொன்னவர்கள் நிறைய பேர், எப்படி விடுவது என்று சொல்லித் தந்தது நீங்கள் ஒருவர்தான் சிஸ்டர். டாக்டர் எழுதிக் கொடுத்த நிகோட்டின் சூயிங்கத்தைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது, சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்து ஓரம் ஒதுக்கி வைக்கணும், அடங்கியதும் திரும்ப மெல்லணும் என்று கட்டிலருகே நின்று அவரைச் செய்ய வைத்தே பார்த்தீர்கள். ஆசை எவ்வளவு முட்டினாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அதுவரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிங்கப்பா என்றீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணை எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல், அப்புறம் வீட்டுக்கும் போன் போட்டு விசாரித்தீர்களே, அதை யார் செய்வார்கள்! டீ குடித்ததும் கை பரபரக்கும் அப்பா இப்போது அந்த நேரத்தில் தெருவில் ஒரு நடை போய் வருகிறார். எங்கள் வீடே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது, நீங்கள் நல்லா இருக்கணும்.