காட்டு மரக் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றும் புள்ளிவிவரப் பைத்தியம் உன்னை விடவில்லை என்று தெரிகிறது, என்னையும் விடவில்லை. மற்றபடி எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

சரி, ஆஸ்திரேலிய அரசு இயற்கைக் காட்டில் வெட்டும் மரத்தின் அளவை மறைக்கிறதா என்று கேட்டிருந்தாய். மறைக்கிறது என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் ஆய்வு அமைப்பான அபாரெஸ் தொடர்ந்து அட்டவணை வெளியிடுகிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். வெட்டுவதில் பெரும்பகுதி நட்டு வளர்த்த மரம்தான், இயற்கைக் காட்டின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. என் குறை வேறு. மொத்தம் தெரிகிறது, எந்தக் காட்டில் வெட்டியது, என்னவாக ஆனது, என்ன விலைக்குப் போனது என்று தேடினால்தான் மூச்சு வாங்குகிறது.

டாஸ்மேனியா மாநிலத்தைப் பார். அரசுக் காடுகளிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 1,37,000 கன மீட்டர் உயர்தர அறுப்பு மரம் (பலகை அறுக்க உகந்தது) கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். முன்பு 3,00,000 ஆக இருந்தது. சண்டையெல்லாம் இந்த எண்ணைச் சுற்றித்தான். ஆனால் கூடவே வெளியே வரும் கூழ் மரம் (காகிதக் கூழுக்குப் போவது) அதைவிட மிக அதிகம், அதை டன்னில் எழுதுகிறார்கள்! பச்சை மரத்தின் எடை இனத்தையும் ஈரத்தையும் பொறுத்து மாறும். இரண்டையும் எப்படிக் கூட்டுவது? அறுப்பு மரத்திலும் பாதிக்கு மேல் ஆலையில் சில்லும் தூளுமாகிறது. காட்டிலேயே விட்டு எரிக்கும் கிளையும் கட்டையும் உற்பத்திக் கணக்கிலேயே சேராது.

விக்டோரியா 2024 ஜனவரி 1 முதல் அரசுக் காடுகளில் வணிக வெட்டை நிறுத்தியது. மேற்கு ஆஸ்திரேலியாவும் அதே சமயத்தில் நிறுத்தியது, ஆனால் காட்டுப் பராமரிப்புக்காக நெருக்கமான மரங்களை வெட்டிக் குறைப்பதற்கும் சுரங்கத்துக்காக வெட்டுவதற்கும் விலக்கு உண்டு. அந்த மரமும் சந்தைக்கு வரும். 'நிறுத்திவிட்டோம்' என்ற அறிவிப்பைப் படித்தவன் அட்டவணையில் மரத்தைக் கண்டால் குழம்ப மாட்டானா? எந்தக் காரணத்துக்காக வெட்டியது என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும், பெரிய செலவில்லை.

தனியார் நிலக் காடுகள் இன்னும் மங்கல். அரசு தன் மரத்தை விற்றுக் காசு வாங்குவதால் அதற்கு ரசீது இருக்கும். தனியார் மரத்துக்கு அப்படி ஒரு பிடி இல்லை.

எனக்குக் கோபம் வருவது 'வணிக ரகசியம்' என்ற பதிலுக்குத்தான். வாங்கும் ஆலைகள் ஒன்றிரண்டு, எண்ணைச் சொன்னால் யாருடையது என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். தனியார் தோட்டத்துக்கு அது நியாயம். பொதுக் காட்டை விற்றுவிட்டு விலையை மட்டும் மறைப்பது என்ன நியாயம்? நியூ சவுத் வேல்ஸில் 2009ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது. வணிக நலன், பொது நலன் இரண்டையும் எடைபோட்டே மறுக்க முடியும். ஒரு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வரைவை அனுப்புகிறேன், கேள்விகளை நீ கொஞ்சம் கூர்மையாக்கித் தா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்