தொலைபேசியில் முதலில் சொல்ல வேண்டியது பெயரும் ஊரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தயாரிக்கும் ஆலை ஒன்றின் வரவேற்பறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால், காலையில் விளக்குப் போட்டது முதல் இரவு வரை எங்கள் தொலைபேசி ஓய்வதில்லை. அழைப்பவர் தாம் யார், எங்கிருந்து பேசுகிறார், என்ன விஷயம் என்பதைச் சொல்லாமலேயே பேச்சைத் தொடங்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதனால் முதலில் நட்டப்படுவது அழைப்பவர்தான் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஆலையின் பெயரைச் சொல்லி நான் வணக்கம் கூறியதும், எதிர்முனையிலிருந்து "யாரும்மா பேசுறது?" என்ற கேள்வியே பெரும்பாலும் வருகிறது. "நீங்க யாருங்க, எங்கிருந்து பேசுறீங்க?" என்று கேட்டால், "சார்கிட்ட குடு, அவருக்குத் தெரியும்" என்கிறார்கள். கொள்முதல், கணக்கு, ஆய்வகம், கிடங்கு என்று பல பிரிவுகள் உள்ள இடத்தில் எந்த சாரிடம் கொடுப்பது? மாறாக, "காவேரிப்பட்டணத்திலிருந்து பேசுறேங்க, போன வாரம் பெங்களூரா ரக மாங்காய் லோடு இறக்கினேன், எடைச் சீட்டு கையில் இருக்கு, பணம் இன்னும் வரலை" என்று ஒருவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், அடுத்த கணமே இணைப்பு கணக்குப் பிரிவுக்குப் போய்விடும். பறித்த காய் யாருக்காகவும் காத்திருக்காது. வாயிலில் வெயிலில் நிற்கும் டிராக்டரில் காயின் எடை குறைந்துகொண்டே போகும் வேளையில், இந்த நான்கு சொற்களுக்காகச் செலவாகும் நிமிடங்கள் விவசாயியின் பணம் அல்லவா?

"ம்மா" என்று என்னை அழைப்பதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. நம் ஊரில் அது மரியாதைதான். ஆனால் என்னிடம் "குடு", "கூப்பிடு", "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசிய அதே குரல், மேலாளருக்கு இணைப்பு போனதும் "சொல்லுங்க சார்" என்று மாறிவிடுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கத்தான் செய்கிறது. படித்தவர், பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர் ஆகியோரிடமும் இதைக் காண்கிறேன்.

இன்னொரு சிக்கல், தவறிய அழைப்பைப் பார்த்துத் திரும்ப அழைப்பவர்களால் வருவது. "உங்க நம்பர்லேர்ந்து கால் வந்துச்சு, என்ன விஷயம்?" என்பார்கள். அலுவலகத்தின் எந்த மேசையிலிருந்து அழைத்தாலும் வெளியே தெரிவது ஒரே பொது எண்தான். அழைத்தவர் யார் என்று வரவேற்பறையில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. "இன்னார் பேசுறேன், கொடுக்க வேண்டிய ரசீது ஒண்ணு பாக்கி இருக்கு, அதுக்காகத்தான் கூப்பிட்டிருப்பாங்க" என்று ஒரு குறிப்பாவது கொடுத்தால், நான் உள்ளே விசாரித்துச் சொல்ல முடியும். எங்கள் ஊழியர்களும், பிறரை அழைப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

எண்ணைக் கொடுக்கும்போது பேருந்து நிலையத்து இரைச்சலில் நின்றுகொண்டு பத்து இலக்கங்களையும் ஒரே ஓட்டமாகச் சொல்ல வேண்டாம். ஏழு, ஆறு என்பவை காதில் ஒன்றாகவே விழும். ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, நான் திருப்பிப் படிக்கும்வரை இணைப்பில் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து தெலுங்கிலும் தளிப் பக்கத்திலிருந்து கன்னடத்திலும் அழைப்புகள் வரும் இந்த மாவட்டத்தில், நிதானமாகப் பேசுவது இன்னும் அவசியமாகிறது. கடைப் பலகைகளிலும் விசிட்டிங் கார்டுகளிலும் ஆறு இலக்கத் தரைவழி எண்ணை மட்டும் போடாமல் 04343 என்ற குறியீட்டையும் சேர்த்து அச்சிட்டால், கைப்பேசியிலிருந்து அழைப்பவர்கள் தடுமாற மாட்டார்கள்.

அதிகாரிகளின், குறிப்பாகப் பெண் ஊழியர்களின் கைப்பேசி எண்ணைக் கேட்டு நான் மறுத்தால் கோபப்படுவோர் பலர். வங்கியிலிருந்து பேசுகிறேன், முதலாளியின் உறவினர் பேசுகிறேன் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் பெருகிவிட்ட காலம் இது. அப்படி ஏமாந்தவர்கள் புகார் அளிப்பதற்காகவே 1930 என்ற எண் இயங்குகிறது. முன்பின் அறியாதவரிடம் ஒருவருடைய எண்ணைக் கொடுக்காதிருப்பது என் கடமையே தவிர, அழைப்பவரை அவமதிப்பதன்று. தங்கள் எண்ணைக் கொடுத்தால் உரியவரிடம் சேர்த்துவிடுவேன்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அறையில் அமர்ந்துகொண்டே "இல்லைன்னு சொல்லிடுங்க" என்று சொல்லச் சொல்வதை அருள்கூர்ந்து கைவிட வேண்டும். சற்று நேரத்தில் அதே அதிகாரியை வாயிலில் பார்த்துவிடும் விவசாயி, பொய் சொன்னவளாக என்னைத்தான் நினைப்பார். "இப்போது பேச இயலாது, 4 மணிக்கு மேல் அழைப்பார்" என்று சொல்ல அனுமதித்து, சொன்னபடி அழைத்தும்விட்டால், ஒரே விஷயத்துக்காக ஒருவர் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப அழைக்க நேராது. அழைத்தவரின் பெயர், ஊர், எண் ஆகியவற்றை எழுதி மேசையில் வைக்கும் சீட்டுக்கு அன்று மாலைக்குள் பதில் போயாக வேண்டும் என்பதை, அடுத்த மாங்காய்ப் பருவம் தொடங்கும் முன்பே எல்லா ஆலைகளும் ஒரு விதியாக வைத்துக்கொள்ள வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரவேற்பாளர்,
கிருஷ்ணகிரி.