டிசம்பர் 14 சாட்ஸ்வொர்த் மாளிகைப் பயணம்: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: நிர்வாகத்தினர், சுற்றுலாப் பிரிவு, லண்டன்
பொருள்: தோட்டத்தைப் பார்க்க முடியாமல் திரும்பியது, 136 பவுண்டைத் திருப்பித் தருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். டிசம்பர் 14 சனிக்கிழமை, ஈஸ்ட் ஹாமிலிருந்து டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு நீங்கள் நடத்திய ஒருநாள் பயணத்தில் நானும் என் அப்பாவும் வந்திருந்தோம். ஆளுக்கு 68 பவுண்டு. எந்தத் தோட்டத்துக்காக அந்தப் பணத்தைக் கட்டினேனோ, அதன் வாசல்வரை போய்விட்டு உள்ளே கால் வைக்காமல் திரும்பி வந்தோம்.

அப்பாவுக்கு 74 வயது. சின்னமனூர் பக்கம் வாழை விவசாயம். பதினெட்டு வருஷமாக ஜி-9 என்ற ரகத்தில் திசு வாழை (ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்று) போடுகிறார். அது கேவண்டிஷ் இனம். அந்தப் பெயர் சாட்ஸ்வொர்த்தில்தான் பிறந்தது. 1830 வாக்கில் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், ஒரு குட்டை வாழைக் கன்றை வாங்கிக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வளர்த்து, 1835 நவம்பரில் பூக்க வைத்தார். அந்த வீட்டுக்காரரான ஆறாவது டெவன்ஷயர் டியூக் வில்லியம் கேவண்டிஷின் பெயர்தான் அந்த வாழைக்கு வந்தது. 1851-ல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவரும் இதே பாக்ஸ்டன்தான். இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழைப்பழத்தில் பெரும்பகுதி கேவண்டிஷ். சாட்ஸ்வொர்த்தின் கண்ணாடி வீட்டில் இன்றும் அதை வளர்க்கிறார்கள். "இந்தக் குளிர்ல வாழையை எப்படிம்மா காப்பாத்தினான்? அதை ஒரு தடவை பாத்துட்டு ஊருக்குப் போயிடுறேன்" என்று அப்பா வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லாமல் நான் பதிவு செய்யவில்லை. டிசம்பர் 3-ம் தேதி உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, மாளிகையோடு தோட்டமும் கண்ணாடி வீடும் பார்க்க நேரம் இருக்குமா என்று கேட்டேன். "தாராளமா பாக்கலாம் அக்கா, மூணரை மணி நேரம் அங்கதான் இருப்போம்" என்று பதில் வந்தது. உங்கள் விளம்பரத்திலும் காலை 7 மணிக்குப் புறப்பாடு, 11.30-க்குள் சாட்ஸ்வொர்த் என்றுதான் இருந்தது.

நடந்தது இது. பஸ் கிளம்பியபோது 8.10. யாரோ நான்கு பேர் வரவில்லை என்று காக்க வைத்தார்கள். சரி, ஒரு மணி நேரம் போனால் போகட்டும் என்றிருந்தேன். 10.15-க்கு வழியில் ஒரு ஷாப்பிங் வளாகத்தில் நிறுத்தினார்கள். 12.05-க்குத்தான் எடுத்தார்கள். இந்த நிறுத்தம் விளம்பரத்தில் கிடையாது, போனிலும் யாரும் சொல்லவில்லை. வழிகாட்டியிடம் கேட்டதற்கு, டிரைவருக்குச் சட்டப்படி ஓய்வு தர வேண்டும் என்றார். சட்டம் எனக்கும் தெரியும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. அதுவரை அவர் ஓட்டியிருந்தது இரண்டு மணி நேரம், பஸ் நின்றது ஒரு மணி ஐம்பது நிமிஷம். டிரைவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிதானமாக, நன்றாக ஓட்டினார்.

பஸ்ஸின் பின் பாதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஜன்னலின் உள்பக்கம் ஈரம் கோத்து, கம்பி கம்பியாக இறங்கி, அப்பாவின் கோட்டுக் கையை நனைத்துவிட்டது. துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு இருக்கை காலியாக இருந்தன. அங்கே மாற்றி உட்கார வையுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். அது வழிகாட்டியின் பைகளுக்கு என்று சொல்லிவிட்டார். வயதானவருக்கு இதைக்கூடச் செய்யாததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

சாட்ஸ்வொர்த் போய்ச் சேர்ந்தது 2.10-க்கு. எங்கள் நுழைவுச்சீட்டில் இருந்த நேரம் 12.30. மாளிகை ஊழியர்கள் முகம் சுளிக்காமல் எங்களை வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள், அதற்கு அவர்களுக்கு நன்றி. உள்ளே போனதும் "நிக்காதீங்க, நாலு மணிக்கு பஸ்" என்று வழிகாட்டி விரட்ட ஆரம்பித்தார். சுவரிலும் கூரையிலும் ஜூலியஸ் சீசரின் கதையை வரைந்து வைத்திருக்கும் அந்தப் பெரிய கூடத்தில் அண்ணாந்து பார்க்கக்கூட அவகாசம் இல்லை. ஓட்டமும் நடையுமாகத் தோட்ட வாசலுக்கு வந்தபோது, அன்றைக்கு உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் பஸ் விடும் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா கோட்டுப் பையில் ஒரு இஞ்ச் டேப் வைத்திருந்தார். அங்கே வாழைத் தண்டின் சுற்றளவை அளந்து, நம் தோட்டத்து மரத்தோடு ஒப்பிடப் போகிறேன் என்று காலையில் சொன்னார். வாசலில் அதை வெளியே எடுத்து, கொஞ்சம் இழுத்து, திரும்பச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையைப் பற்றி நீங்கள் வாயால் சொன்னதையோ எழுதியதையோ நம்பி நான் பணம் கட்டினால், அந்த வார்த்தையும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. மூன்றரை மணி நேரம் என்றீர்கள், இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் 136 பவுண்டையும், நான் கட்டிய அதே கார்டுக்கு, இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன். பதிவு ரசீது, விளம்பரத்தின் படம், நேரத்தோடு எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அப்புறம், ஷாப்பிங் நிறுத்தம் உண்டென்றால் அதை விளம்பரத்திலேயே, எவ்வளவு நேரம் என்பதோடு போடுங்கள்.

போனில் உங்கள் மேலாளர், வசந்த காலத்தில் இலவசமாக இன்னொரு தடவை கூட்டிப்போகிறோம் என்றார். அப்பா 17-ம் தேதியே ஊருக்குப் போய்விட்டார். எனக்குப் பணமாகத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
இருக்கை 37, 38 பயணி
ஈஸ்ட் ஹாம், லண்டன்