யாழினியின் இடது கண்

குடியாத்தம்

அன்புள்ள சுமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாப்பிள்ளை அனுப்பிய பிறந்தநாள் போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பார் கண்ணு. யாழினியின் வலது கண்மணிக்கு நடுவில் ஃபிளாஷ் வெளிச்சம் பொட்டு வைத்த மாதிரி விழுந்திருக்கிறது. இடது கண்ணில் அந்தப் பொட்டு காதுப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. நேற்று வீடியோவில் பேசும்போதும் கவனித்தேன். கையிலிருந்த முறுக்கை உற்றுப் பார்த்தாள், இடது கண் மூக்குப் பக்கம் ஓடிவிட்டது. மாறுகண்ணோ என்று பயமாக இருக்கிறது.

அதிர்ஷ்டக் கண், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சம்பந்தி அம்மா சொன்னதாகச் சொன்னாய். பேத்தி மேல் உள்ள ஆசையில் சொல்லியிருப்பார்கள். ஆனால் என் பாட்டியும் எனக்கு அதையேதான் சொன்னார்கள். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, என் இடது கண்ணில் பார்வை பாதிகூட இல்லை. சின்ன வயதில் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டது, பிறகு சேர்த்துக்கொள்ளவே இல்லை. தறியில் பாவு இழை அறுந்தால் எந்த நுனி கிட்டே, எந்த நுனி தள்ளி என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது. விரலால் தடவித்தான் முடிச்சுப் போடுவேன். நாற்பது வருடம் அப்படியே நெய்துவிட்டேன். இது குடும்ப வழியாகவும் வரும் என்கிறார்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம்.

போன மாதம் மாறுகண் உள்ள பக்கத்து வீட்டுப் பையனோடு வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போயிருந்தேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா 1902ல் திறந்த பழைய இடம். அவனுடைய நல்ல கண்ணை அட்டையால் மறைத்தார்கள். மூக்கைப் பார்த்திருந்த மற்ற கண் சடக்கென்று வெளியே நகர்ந்து நேராக நின்றது! அப்புறம் மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும், வெளிச்சம் அடித்தே பவரைக் கண்டுபிடித்தார்கள். அவனுக்கு எழுத்துகூடத் தெரியாது. உள்ளே விழித்திரையையும் பார்த்தார்கள். அபூர்வமாகக் கட்டி இருந்தாலும் சில சமயம் முதலில் மாறுகண்ணாகத் தெரியுமாம்.

அவனுக்கு பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வை. தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் சிரமப்படும்போது, அந்தச் சிரமமே கண்ணை உள்ளே இழுக்கிறது. கண்ணாடி போட்டதும் சிரமம் குறைந்து கண் நேராகிறது. கழற்றினால் திரும்பவும் ஓடும், அதைப் பார்த்துக் கண்ணாடியால் பலனில்லை என்று நினைத்துவிடாதே. மூளை ஒதுக்கியதால் சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணை தினம் இரண்டு மணி நேரம் ஒட்டி மூடச் சொன்னார்கள். முதல் வாரம் பிய்த்துப் போட்டு அழுதான். அவன் அம்மா மடியில் வைத்துக் கதை சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். கண்ணாடிக்குச் சரியாகாதவர்களுக்குத்தான் ஆபரேஷன். மூக்குப் பக்கத் தசையைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தைப்பார்கள்.

மூக்குத் தண்டு அகலமாக இருந்தாலும் சில குழந்தைகளுக்கு மாறுகண் போலத் தோன்றும். ஆனால் அப்போது வெளிச்சப் பொட்டு இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் இருக்கும். யாழினிக்கு அப்படி இல்லையே கண்ணு. ஏழெட்டு வயதுக்கு மேல் பார்வையை மீட்பது கஷ்டம். அவளுக்கு இப்போதுதான் மூன்று முடிந்திருக்கிறது.

மே லீவுக்கு ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று வைக்காதே. தோஹாவிலேயே இந்த வாரம் குழந்தைக் கண் டாக்டரிடம் காட்டு. முடியாது என்றால் டிக்கெட் போடு, காட்பாடி ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். எந்த நாள் போகிறாய் என்று இன்று இரவே சொல்.

அன்புடன்,
அப்பா