சாபம் போடும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் சமயப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். வேதாகமத்தில் இன்றுவரை ஓர் எழுத்தும் மாறவில்லை என்றும், அதைச் சந்தேகிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தலையில் சாபத்தை இறக்குகிறார்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அதைச் சொல்லாத பிரசங்கம் இந்த ஊரில் கிடையாது. பிள்ளைகளை இழுத்ததுதான் பொறுக்கவில்லை.

என் தங்கை உங்கள் பத்திரிகையை ஒரு வாரமும் தவறாமல் வாசிக்கிறவள். அவளுடைய மூத்த மகனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு இரவு போன் எடுத்து, "அண்ணா, நீங்கள் கோவிலை விட்டதாலதானோ எங்கட பிள்ளைக்கு இப்படி வந்தது?" என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்டாள். என்ன பதில் சொல்வது? உங்கள் பத்திரிகையில் அச்சாகி வந்ததை நான் ஒருவன் மறுத்துச் சொன்னால் அவள் நம்புவாளா?

இந்தப் பயத்தை அவளுக்கு முதலில் ஊட்டியவர்கள் வேறு ஆட்கள். பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நகரத்தில் ஒரு குணமாக்கல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த போதகர், "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்" என்ற வசனத்தை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார். பையனின் தலையில் கை வைத்துச் செபித்துவிட்டு, இனி மாத்திரை கொடுப்பது அவிசுவாசம் என்று தாயிடம் சொன்னார். அவள் நிறுத்திவிட்டாள். சில நாட்களில் பிள்ளை வீதியில் விழுந்து, வாயில் நுரை தள்ளி, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வார்டில் இருந்த டொக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டபோது தங்கை வாய் திறக்கவில்லை. நான் சொன்னேன். போதகர் அதற்குள் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்த வசனம் மாற்கு 16ஆம் அதிகாரம் 18இல் வருகிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகள், வத்திக்கானில் உள்ளதும் சீனாய் மலை மடத்தில் கிடைத்ததும், மாற்கு நற்செய்தியை 16:8உடன் முடித்துவிடுகின்றன. கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயந்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அங்கே கடைசி வரி. கை வைத்தால் குணமாகும், பாம்பைத் தூக்கலாம், நஞ்சு குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்பதெல்லாம் அதற்குப் பின் வரும் பகுதி. விவிலிய அறிஞர்கள் பெரும்பாலும் அதைப் பிற்காலச் சேர்க்கை என்றே கொள்கிறார்கள். இது கடவுள் மறுப்பாளர் கட்டிவிட்ட கதை இல்லை. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பே அந்தப் பகுதியை அடைப்புக்குறிக்குள்தான் போட்டிருக்கிறது. குருமாருக்கும் போதகர்மாருக்கும் இது தெரியும். படித்த உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது மாத்திரையை நிறுத்தும் தாய்மாருக்குத்தான்.

கட்டுரையாளர் தன் வாதத்துக்கு வெளிப்படுத்தல் 22:18-19ஐ ஆதாரமாகக் காட்டியிருந்தார். இந்தப் புத்தகத்தில் ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் தண்டனை என்று சொல்லும் இடம். சரி, அதையே எடுப்போம். எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள் இருக்கின்றன. ஒன்று அம்மம்மா வைத்திருந்த பழைய பதிப்பு. அம்மா வழி மெதடிஸ்த சபை. மற்றது அப்பா வழிக் கத்தோலிக்கருக்கு உரிய பொது மொழிபெயர்ப்பு. இரண்டையும் மேசையில் விரித்து 22:19ஐப் பார்த்தேன். அம்மம்மாவின் புத்தகத்தில், வசனத்தைக் குறைக்கிறவனுடைய பங்கு "ஜீவபுஸ்தகத்திலிருந்து" எடுக்கப்படும் என்று இருக்கிறது. மற்றதில் வாழ்வு தரும் மரத்தில் உள்ள பங்கு எடுக்கப்படும் என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவர்களின் குற்றம் அல்ல இது. 1516இல் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவரிடம் இருந்த வெளிப்படுத்தல் பிரதியில் கடைசித் தாள் இல்லை. அதில் இருந்த வசனங்களை அவர் லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிச் சேர்த்தார். 'புத்தகம்' அப்படி உள்ளே வந்தது. பழைய கிரேக்கப் பிரதிகளில் 'மரம்'தான். மாற்றாதே என்று எச்சரிக்கிற வசனமே மாறி வந்திருக்கிறது. அம்மம்மா அதை வாசித்து, பயந்து, செபித்து, செத்தும் போனார்.

சாக்கடல் சுருள்களையும் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருந்தார். 1947 தொடக்கம் சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த அந்தப் பழைய கையெழுத்துச் சுருள்களில் ஏசாயா நூல் பிற்காலப் பிரதிகளோடு பெருமளவு ஒத்துப்போவது உண்மை. அதே குகைகளில் எரேமியாவின் குறுகிய வடிவமும் துண்டுகளாகக் கிடைத்தது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு, அதிகாரங்களின் வரிசையும் வேறு. ஒரு நூல் இரண்டு வடிவத்தில் ஒரே காலத்தில் நடமாடியிருக்கிறது. அதை ஏன் அவர் எழுதவில்லை?

ஓர் எழுத்தும் மாறாத வேதாகமம் என்றால் எந்த வேதாகமம் என்றும் அவர் சொல்லவேண்டும். கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், சீர்திருத்த சபைகளுக்கு 66. எத்தியோப்பியத் திருச்சபை ஏனோக்கு என்ற நூலையும் சேர்த்துக்கொள்கிறது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை இன்றுள்ளபடி நமக்குத் தெரிந்து முதன்முதலில் பட்டியலிட்டது 367இல் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியு எழுதிய கடிதம். கத்தோலிக்கர் தங்கள் பட்டியலை முடிந்த முடிவாக உறுதிசெய்தது 1546இல், ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கத்தில். மனிதர் கூடி, வாதாடி, முடிவெடுத்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதுதான் வெட்கம்.

இந்த ஏழு நூல் வித்தியாசம் எங்கள் வீட்டுச் செத்தவீட்டில் என்ன செய்தது தெரியுமா? அப்பாவின் பூதவுடல் வீட்டில் இருக்கும்போது சித்தப்பா சாலமோனின் ஞானத்திலிருந்து "நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன" என்ற பகுதியை வாசித்தார். கத்தோலிக்க அடக்கச் சடங்கில் வழமையாக வாசிப்பது. அம்மாவின் சொந்தத்தில் ஒருவர், அண்மையில் வேறொரு சபைக்குப் போனவர், இது தேவ வார்த்தை அல்ல என்று எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். அவர் பின்னால் நாலைந்து பேர். அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தா. சேமக்காலைக்கும் அவர்கள் வரவில்லை.

சாபத்துக்கு வருகிறேன். தகப்பன்மாரின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பேன் என்று யாத்திராகமம் 20:5 சொல்கிறது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமக்கமாட்டான் என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன. எசேக்கியேல் பழைய பேச்சோடு துணிந்து வாதாடுகிறார், அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன். கட்டுரையாளர் இரண்டில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்தார், அதுவும் பயமுறுத்தக்கூடியதை.

2004 சுனாமிக்குப் பிறகு ஒரு பாடசாலையில் தங்கியிருந்த சனத்துக்குச் சாமான் பங்கிடும் வேலையில் நானும் நின்றேன். ஒரு குழு கொண்டுவந்த அரிசிப் பொதிக்குள் துண்டுப்பிரசுரம் இருந்தது. கரையோர மக்களின் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய எச்சரிக்கை இது என்று அச்சடித்திருந்தார்கள். கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி, எழுத்து வாசிக்கத் தெரியாதவள், அதை என்னிடம் நீட்டி வாசித்துச் சொல்லச் சொன்னாள். நான் வாசிக்கவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசு சொன்னதாக லூக்கா 13இல் இருக்கிறது. அதை யாரும் அரிசிப் பொதிக்குள் வைக்கவில்லை.

திருகோணமலையில் வாழும் நாங்கள் சமய அதிகாரத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோவிலைப் போர்த்துக்கீசர் 1620களில் இடித்து, அதன் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை போட்டார்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இந்த நாட்டுக்குள் வரவேண்டியிருந்தது. 2015இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே அடிகளார். இரண்டு பக்கமும் ஒரே நற்செய்திகளைத்தான் வாசித்தது. 2005இல் நகர மத்தியில் இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டு நகரமே கடையடைத்துக் கிடந்ததும் உங்கள் பத்திரிகையில்தான் வந்தது. எந்தச் சமயமானாலும் அதிகாரமும் சொத்தும் சேர்ந்தவுடன் கேள்வி கேட்பவன் எதிரியாகிவிடுகிறான். மரியாளைப் பற்றி எழுதியதற்காக எங்கள் நாட்டுக் குருவான திஸ்ஸ பாலசூரியவை 1997இல் சபைக்குப் புறம்பாக்கினார்கள். அடுத்த வருடம் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்கக் குருவாக இருந்த மனிதருக்கே அந்தக் கதி என்றால் என் தங்கை எம்மாத்திரம்?

நான் விவிலியத்தை வெறுப்பவன் அல்ல. அதிலுள்ள யோபு, சபை உரையாளர் என்ற நூல்களை இன்றும் எடுத்து வாசிக்கிறேன். மனிதர் எழுதிய நூல் என்பதால்தான் அவை என்னைத் தொடுகின்றன. பிழையே இல்லாதது என்று ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பிடிக்கும்போது, பிழையில்லாதவராக அவர் ஆக்குவது தன்னைத்தான்.

இதைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். பிரசுரமாகவில்லை. இடம் இல்லை என்று ஒரு வரி பதில் வந்திருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும். சமயப் பக்கத்துக்கு மட்டும் வாராவாரம் இடம் கிடைக்கிறது. உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாங்குகிறோம், அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

சமயப் பக்கத்தின் அடியில், இவை கட்டுரையாளரின் சொந்தக் கருத்துகள், நோய்க்கு மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவேண்டாம் என்று இரண்டு வரி போடுங்கள். சிறிய எழுத்தில் போட்டாலும் சரி. இந்தக் கடிதத்தைச் சுருக்கவேண்டி வந்தால் மற்ற எதையும் வெட்டுங்கள், எசேக்கியேல் 18:20ஐ மட்டும் விட்டுவிடுங்கள். என் தங்கை அதை உங்கள் பத்திரிகையில் வாசிக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.